நீர் வார்த்தவள்

ஊல்கானின் கால் பூட்ஸுக்குள் நுழைய மறுத்தது. தரையில் மண்டியிட்டிருந்த கனிஷாய் இரண்டு கைகளாலும் அழுத்திப் பார்த்தாள். கணுக்காலில் அவள் விரல் பதிந்த இடம் குழிந்து, மேடேறாமல் அப்படியே நின்றது. அரசு மருந்தகத்தில் ஊசி போடும் வேலை அவளுக்கு. அந்தக் குழி என்ன சொல்கிறது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இன்னிக்கு வேணாம்மா. நான் மட்டும் போய்க் கூட்டிட்டு வரேன்."

"நீ போனா தையல்கூடத்து மார்லென் வாசலோட அனுப்பிருவான். எம் மூஞ்சிக்காகத்தான் சரின்னான். உங்கப்பாவோட ரப்பர் செருப்ப எடு. அதுக்குள்ள போகும்."

கம்பளிக் காலுறையின் மேல் அப்பாவின் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்தபடி ஊல்கான் முற்றத்தைக் கடந்தாள். காருக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை நின்றாள். பனிமூட்டத்தைப் பார்ப்பதற்காக நிற்பவள் போல நின்றாள்.

தலைநகர் பிஷ்கெக்கின் அரசுத் தையல் ஆலையில் ஒரு பிரிவுக்குத் தலைவியாக இருந்தவள் அவள். ஆலை மூடி வெகு காலத்துக்குப் பிறகு, அங்கே தன்னிடம் வேலை பார்த்த ஒருத்தி சிறையிலிருந்து வெளிவந்து, எங்கேயும் வேலை கிடைக்காமல், சந்தையில் தர்பூசணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தாள். கையோடு கூட்டிப் போய் ஒரு ரொட்டிக் கடையில் சேர்த்தாள். அதில் ஆரம்பித்தது. அப்புறம் பெண்கள் சிறையிலிருந்து போக்கிடம் இல்லாத யார் வெளியே வந்தாலும் வாசலில் ஊல்கான் நின்றாள். கடைக்காரர்கள் பின்வாங்குவார்கள். திருடுவாள் என்பார்கள், குடிப்பாள் என்பார்கள், மற்றப் பெண்கள் பயப்படுவார்கள் என்பார்கள். ஊல்கான் வாதாட மாட்டாள். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துகொள்வாள். தேநீர் கேட்பாள். மத்தியானமானால் சாப்பாடும் கேட்பாள். இவளுக்கு வேலை கொடு, இல்லாவிட்டால் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிரு என்பாள். சலவைக்கூடத்திலும், காய்கறிப் பண்ணையிலும், உணவகங்களின் பின்கட்டிலும் அவள் இப்படி உட்கார்ந்து பெற்ற வேலைகளில் பெண்கள் இருந்தார்கள்.

கனிஷாய்க்கு இதில் கசப்பு உண்டு. மணவாழ்க்கை முறிந்து அவள் பெட்டியோடு வீடு திரும்பியபோது, அவளுடைய பழைய அறையில் கஞ்சா கடத்தி உள்ளே போய் வந்த ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். கனிஷாய் சமையலறையில் படுத்தாள். அம்மா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "உனக்கு நான் இருக்கேன். அவளுக்கு யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று வெளியே வரப்போகிறவள் பெயர் பெரிசாத். மலைப் பக்கத்து ஊர்க்காரி. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தன்னைத் தூக்கிக்கொண்டு போய் மனைவியாக்கிக்கொண்டவனை, பல வருடம் அடி வாங்கிய பிறகு ஒரு நாள் கோடாரியால் வெட்டிவிட்டவள்.

சிறை வாசலில் மூட்டம் இன்னும் கனமாக இருந்தது. எதிரே, இலையுதிர்ந்த பாப்லர் மரங்களுக்குக் கீழே, ஒரு சாம்பல் நிறக் கார் இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றது. உள்ளே இரண்டு பேர். கனிஷாய் வண்டியை நிறுத்தியதும் அதிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, பெரியவர்களுக்குச் சொல்லும் முறைப்படி ஊல்கானுக்கு வணக்கம் சொன்னான். தன் பெயர் ஷெர்மத் என்றான். இறந்துபோன கணவனின் தம்பி. காருக்குள் இருந்தது இன்னொரு தம்பி.

"உடம்பு நல்லா இருக்கா அம்மா? குளிர்ல கண்ணாடிய இறக்காதீங்க. அண்ணியக் கூட்டிட்டுப் போக வந்தோம். மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. பெத்தவ இல்லாம எப்படி?"

"கல்யாணமா, ரொம்ப சந்தோஷம். பொண்ணு எங்க?"

"வீட்ல இருக்கா."

"தாயக் கூப்பிட மக வந்திருக்கணும். சித்தப்பன்மாரு ரெண்டு பேரும் விடியறதுக்கு முன்னாடியே வந்து மரத்தடியில ஒளிஞ்சிருக்கீங்க. உங்க ஊர்ல கல்யாணத்துக்கு இப்படித்தான் அழைப்பாங்களா தம்பி?"

ஷெர்மத் சிரித்தான். உண்மையாகவே ரசித்துச் சிரித்தான். சத்தம் போட்டிருந்தால் கனிஷாய்க்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"வயசாயிடுச்சும்மா உங்களுக்கு. இன்னும் எத்தனை நாள் இவளுக்குக் காவல் நிப்பீங்க?" என்று அன்பாகவே கேட்டுவிட்டுக் காருக்குத் திரும்பினான்.

இரும்புக் கதவில் இருந்த சிறு கதவு திறந்தது. உயரமாக, ஒல்லியாக ஒரு பெண் கட்டம் போட்ட பையோடு வெளியே வந்தாள். கைதான அன்று கோடைக்காலம் போலிருக்கிறது. மெல்லிய மேல்சட்டை ஒன்றைத்தான் போட்டிருந்தாள். சாம்பல் நிறக் காரைப் பார்த்து நின்றுவிட்டாள். ஷெர்மத் ஜன்னலை இறக்கி மகளின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னான். பெரிசாத்தின் முகத்தில் எதுவும் அசையவில்லை. ஆனால் அவள் கால் அந்தக் காரை நோக்கி ஓர் அடி வைத்தது.

காரிலிருந்து எப்படி இறங்கினாளோ, ஊல்கான் அவள் கையைப் பிடித்திருந்தாள். முதலில் வேலையில் சேர், அப்புறம் கல்யாணத்துக்கு லீவு கேள், சேராமலே யாரும் லீவு கேட்க முடியாது என்றாள். மூச்சு வாங்கியதால் இதைச் சொல்லி முடிக்க வெகு நேரம் பிடித்தது. பெரிசாத் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் கண்ணாடியில் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. கனிஷாய் மெதுவாகப் போனால் அவையும் மெதுவாக வந்தன. அம்மாவின் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"போனா இன்னிக்கு என்னை விடமாட்டாங்க. இவ எங்க போவா? பின்னாடி திரும்பிப் பாரு."

கனிஷாய் திரும்பிப் பார்க்கவில்லை. நகரத்தின் முதல் நாற்சந்தியில் இடது பக்கம் போனால் மருத்துவமனை. அவள் வலது பக்கம் திருப்பினாள்.

மார்லெனின் தையல்கூடம் ஒரு பழைய பாலர் பள்ளியில் இருந்தது. சுவரில் முயல்களும் கரடிக்குட்டிகளும் இன்னும் அழியாமல் இருக்க, அவற்றின் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ரஷ்யச் சந்தைக்குப் போகும் உடைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். மார்லென் குண்டான, சாதுவான மனிதன். ஊல்கானைப் பார்த்ததும் எழுந்து வந்தான். பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். எதிர்ப்புறம் வந்து நின்ற சாம்பல் நிறக் காரைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"நேத்து சரின்னேன் அக்கா, இல்லேங்கல. ஆனா இப்படி ஆளுங்க பின்னாடியே வருவாங்கன்னு சொல்லலையே. இங்க இத்தனை பொம்பளைங்க வேலை பாக்கறாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

போலீஸில் சொல்லலாமே என்று மெல்ல இழுத்தான். பெரிசாத்தின் புகுந்த வீட்டார் தேடி வரக்கூடும் என்று ஊல்கான் போன வாரமே போய்ச் சொல்லியிருந்தாள். இன்னும் எதுவும் நடக்கவில்லையே பாட்டி, நடந்ததும் வாங்க என்று அவர்கள் அனுப்பிவிட்டார்கள்.

அவள் ஒரு நாற்காலி கேட்டாள். உட்கார்ந்தாள். தேநீர் கேட்டாள். "நீ யோசி மார்லென். அவசரமே இல்ல. நான் இங்கயேதான் இருக்கப்போறேன்," என்றாள்.

மார்லென் தலையைச் சொறிந்தபடி துணி வெட்டும் அறைக்குள் போனான். கனிஷாய் மாத்திரை எடுக்கக் காருக்குப் போனாள். போகும்போதும் வரும்போதும் எதிர்ப்புறக் காரில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

திரும்பி வந்தபோது தையல் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. அம்மா நாற்காலியில் அதே இடத்தில் இருந்தாள். மோவாய் மார்பில் பட்டிருந்தது. பெரிசாத் பின்னால் நின்று இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கூப்பாடு போடவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை.

"நீங்க வெளிய போனதும் சாஞ்சாங்க," என்றாள். "கீழ விழுந்துரக் கூடாதுன்னு பிடிச்சிட்டிருக்கேன்."

கனிஷாய் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு தரையில் படுக்கவைத்து, கை ஓயும்வரை மார்பை அழுத்தினாள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. துணி வெட்டும் அறையிலிருந்து கையில் சுண்ணக்கட்டியோடு மார்லென் வெளியே வந்தான். என்ன சொல்வதற்காக வந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

*

சாயங்காலத்துக்குள் முற்றத்தில் துக்கத்துக்கான கம்பளிக் கூடாரம் எழுந்துவிட்டது. ஊல்கானை உள்ளே திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். ஊல்கானின் தம்பி அசனாலி துக்க முறைப்படி இடுப்பில் துணி கட்டிக்கொண்டு, கோலை ஊன்றி, கூடாரத்தின் முன் மற்ற ஆண்களோடு நின்றார். மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர், உரக்கப் பேசி அறியாதவர். கூடாரத்துக்குள் கனிஷாய் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பாரி சொன்னாள். பக்கத்தில் அப்பாவின் அக்கா பாத்மா. பெரிசாத் சமையலறையில் மாவு பிசைந்து எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளை என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றாததால் யாரோ மாவுப் பாத்திரத்தைக் கையில் கொடுத்திருந்தார்கள்.

ஊல்கான் வேலை வாங்கிக் கொடுத்த பெண்கள் செய்தி கேட்டு வந்து வெளிக்கதவின் அருகிலேயே கும்பலாக நின்றார்கள். அவர்களைப் பின்கட்டில் உட்காரவைக்கச் சொல்லி அனுப்பினாள் பாத்மா. அவர்கள் உட்காரவில்லை. விறகு பிளந்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள்.

துக்கத்துக்கு வரும் ஆண்கள் தெருமுனையிலிருந்தே குரலெடுத்து அழுதபடி வருவது வழக்கம். வந்தவர்களின் குரல்களைக் கேட்டுக்கொண்டே கனிஷாய் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் மற்றவற்றைவிட உரக்கக் கேட்டது. "எங்களப் பெத்த தாயே, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று அந்தக் குரல் முற்றத்துக்குள் நுழைந்தது. கனிஷாயின் பாட்டு பாதியில் நின்றது. பாத்மா அவள் தொடையைக் கிள்ளினாள்.

"பாடு. சனங்க கேக்கறாங்க."

கனிஷாய் பாடினாள். பாடிக்கொண்டே, தலையைத் திருப்பி, வாசல் திரையின் இடுக்கு வழியே, கண்ணில் நீர் வழிய நிற்கும் ஷெர்மத்தைத் தன் மாமா தழுவிக்கொள்வதைப் பார்த்தாள். சாவு வீட்டுக்கு வந்தவனை வெளியே போ என்று சொல்ல முடியாது. சகோதரர்கள் இருவரையும் விருந்து விரிப்பின் நடுவில் உட்காரவைத்து, குதிரைக் கறி வைத்தார்கள்.

சாப்பாடு முடிந்து அவர்கள் கை கழுவும்போது பெரிசாத் விறகு எடுக்க வெளியே வந்தாள். ஷெர்மத் துணியில் கையைத் துடைத்தபடி அவளருகே போனான். குளிருக்காகத் தோலுறை மாட்டிய பின்வாசல் கதவுக்கு உள்ளே நின்ற கனிஷாயை அவன் பார்க்கவில்லை.

"துக்கம் முடியட்டும் அண்ணி. நாங்க காத்திருக்கோம். பெரியம்மா போயிட்டாங்க. இனிமே உனக்கு யாரு இருக்கா?"

பெரிசாத் விறகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கனிஷாய் தன் மருந்தகத்துச் சிநேகிதி ஒருத்தியைப் பிடித்து, அவள் மூலமாக அந்த மலை ஊரின் செவிலியின் தொலைபேசி எண்ணை வாங்கினாள். அங்கே குரல் விட்டு விட்டுக் கேட்டது. அந்த வீட்டிலா, கல்யாணமா என்று செவிலி திருப்பிக் கேட்டாள். அந்தப் பெண் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் எவ்வளவோ காலமாகிறது, சித்தப்பன்களிடம் பேசுவதுகூட இல்லை என்றாள். வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேரும் கிழவியும்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மகன் செத்தப்போ போட்ட கறுப்ப அந்தக் கிழவி இன்னும் அவுக்கல. அவ வந்து சேரட்டும், அப்புறம் அவுக்கறேன்னு சொல்லிட்டிருக்கு. நான் சொன்னதா சொல்லிராதீங்க."

சமையலறையில் பெரிசாத் மாவைச் சதுரங்களாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் எதுவும் இல்ல," என்றாள் கனிஷாய். "உம் பொண்ணு ரஷ்யாவுல இருக்கா. நல்லா இருக்கா."

"கல்யாணம் இருக்காதுன்னு தெரியும்."

"பின்ன ஏன் அந்தக் கார் பக்கம் போன?"

கத்தி நின்றது. "ஒருவேளை இருந்துட்டா?" என்றாள் பெரிசாத். பிறகு நறுக்கத் தொடங்கினாள்.

*

மறுநாள் காலை உடலைக் கழுவ வேண்டிய பெண்களைப் பாத்மா கூடாரத்துக்குள் பெயர் சொல்லி அழைத்தாள். தலைப்பக்கம் யார், கால்பக்கம் யார், துணி பிடிப்பது யார் என்று சொல்லிவந்தவள், தண்ணீர் ஊற்ற ஆள் சொல்வதற்கு முன் கனிஷாய் குறுக்கிட்டாள்.

"தண்ணி பெரிசாத் ஊத்துவா."

பாத்மா மருமகளை வெகுநேரம் பார்த்தாள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டாள். சொந்தக்காரிகள் செய்ய வேண்டிய காரியம் இது என்றாள். கடைசியில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

"ரத்தம் பட்ட கைடி அது."

"எங்கம்மா கீழ விழாம பிடிச்சிருந்த கை அத்தை. கடைசியா அம்மாவத் தொட்டது அவதான். நான் அப்ப இல்ல."

"ஊரு பேசும்."

"பேசணும்னுதான் சொல்றேன். நாலு ஊருக்குக் கேக்கற மாதிரி பேசட்டும்."

பாத்மா புரிந்துகொண்டாளா, சண்டையிட நேரமில்லை என்று விட்டாளா, தெரியவில்லை. மூக்குள்ள செப்புக் குவளையை எடுத்துப் பெரிசாத் இருந்த பக்கமாகத் தரையில் நகர்த்தி வைத்தாள். அவளைப் பார்க்கவில்லை.

பெரிசாத் கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தாள். நீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று தன் மணிக்கட்டின் உள்புறத்தில் விட்டுப் பார்த்தாள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பதுபோல. பிறகு மெல்லிய தாரையாக வார்த்தாள். ஒரு முறை பாத்மா "மெதுவா" என்றாள். அதற்கப்புறம் அவள் எதுவும் சொல்லவில்லை. வீங்கியிருந்த கால்களுக்கு வந்தபோது பெரிசாத் ஊற்றுவதை நிறுத்தி, குவளையைக் கைமாற்றிக்கொண்டு, மறுபடியும் ஊற்றினாள்.

கழுவியவர்களுக்கு இறந்தவளின் உடைகளைக் கொடுப்பது முறை. வழக்கமாகப் பெண்களுக்குள்ளேயே முடிந்துவிடும் காரியம். அதை முற்றத்தில், எல்லா ஆண்களுக்கும் முன்னால், மாமா தன் கையால் கொடுக்க வேண்டும் என்று கனிஷாய் விடியற்காலையிலேயே போய்ச் சொல்லியிருந்தாள். சிறை வாசல், கார், தொலைபேசியில் கேட்டது, எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அசனாலி கோலின் மேல் மோவாயை ஊன்றியபடி கேட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தான் தழுவிக்கொண்டவனைப் பற்றி மட்டும், "நல்லா அழுதானே" என்றார்.

தொழுகைக்கு முன் ஆண்கள் முற்றத்தில் வரிசையாக நின்றபோது அவர் முன்னால் வந்தார். பாத்மாவுக்குச் சால்வை கொடுத்தார். இன்னொருத்திக்கு உடுப்பு. பிறகு ஊல்கானின் தடித்த குளிர்காலக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிசாத்தின் பெயரைச் சொன்னார். கூடார வாசலிலிருந்து அவள் வந்தாள். கோட்டை அவள் தோளில் போட்ட பிறகும் மாமா கையை எடுக்கவில்லை.

"எங்கக்காவுக்குத் தண்ணி ஊத்தினவ," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "இனிமே இவ எங்க வீட்டுப் பொண்ணு. இவளுக்கு ஒரு நல்லதுன்னாலும் கெட்டதுன்னாலும் எங்க வாசலுக்கு வந்து கேக்கணும். இவ பேர்ல ஒரு கீறல் விழுந்தா அது எங்க பேர்ல விழுந்ததுதான். எல்லாரும் கேட்டுக்கங்க."

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. முற்றத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் அதை ஏற்று, "ஓமின்" என்று உள்ளங்கைகளை உயர்த்தி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையில் ஷெர்மத் நின்றான். சுற்றிலும் கைகள் எழுந்து இறங்கிய பிறகு, பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் திரும்பிப் பார்த்த பிறகு, அவன் கைகளும் மேலே எழுந்தன. முகத்தைத் தொட்டதும் தொடாததுமாக இறங்கின.

உடல் புறப்பட்டது. பெண்கள் வெளிக்கதவோடு நின்றுகொண்டார்கள். கல்லறையிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தபோது சகோதரர்கள் அவர்களோடு இல்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, கார் பெட்ரோல் நிலையத்தில் நிற்பதைப் பார்த்தேன் என்றார் இன்னொருவர்.

மார்லென் கடைசியாகச் சாப்பிட்டு எழுந்தான். கனிஷாயிடம் வந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை வரச் சொல்லு," என்றான். "ஜன்னல் பக்கம் வேணாம். உள் அறையில ஒரு மெஷின் போட்டிருக்கேன். அந்த ரூமுக்கு ஒரு வழிதான்."

*

திங்கட்கிழமையும் மூட்டம் விலகவில்லை. தையல்கூடத்துக்கு எதிரே கனிஷாய் காரை நிறுத்தினாள். தெரு இரண்டு பக்கமும் வெறுமையாகத்தான் இருந்தது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஆனால் கண்ணுக்கு அதிக தூரம் எட்டவில்லை.

பெரிசாத் முன்னால் நடந்தாள். ஊல்கானின் கோட்டு அவளுக்கு அகலமாகவும் குட்டையாகவும் இருந்தது. மூடியிருந்த கதவின் முன் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பூட்டியிருக்கிறதோ என்று கனிஷாய் முதலில் நினைத்தாள். பூட்டு இல்லை. உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்புறம்தான் பெரிசாத்தின் கைகளைக் கவனித்தாள். இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று கோத்திருந்தன. சிறையில் பழகியபடி, யாராவது கதவைத் திறந்து உள்ளே போகச் சொல்வதற்காக அவள் காத்திருந்தாள்.

கனிஷாய் கையை நீட்டப் போனாள். நீட்டாமல் நின்றுகொண்டாள்.

பின்னால் சாலையில் ஒரு வண்டி வரும் சத்தம் கேட்டது. வந்துகொண்டிருந்த வேகம் குறைந்தது. இருவரும் திரும்பவில்லை. சற்று நேரம் கழித்துப் பெரிசாத்தின் வலது கை முதுகிலிருந்து மெல்லப் பிரிந்து, முன்னால் வந்து, கதவுப் பிடியின் மேல் அமர்ந்தது.